சிறு குழந்தைக்கு வீட்டிலேயே ஓவியமும் கைவினையும்: எதைத் தருவது, எங்கே விலகி நிற்பது

ஒரு தாளையும் நான்கைந்து வண்ணக்கட்டிகளையும் கொடுத்துவிட்டால் குழந்தை சற்று நேரம் தன் பாட்டுக்கு இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் ஓவியமும் கைவினையும் தொடங்குகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வேலைகளுக்கு நடுவே பெற்றோருக்கு அந்தச் சற்று நேரம் தேவைதான். ஆனால் அதே தாளையும் வண்ணக்கட்டியையும் கொண்டு ஒரு குழந்தை தன் விரல்களை அடக்கி ஆளவும், நீளம், அளவு, வடிவம், வரிசை ஆகியவற்றை உணரவும், ஒன்றைச் செய்யத் திட்டமிடவும், திட்டம் பிசகினால் வேறு வழி தேடவும் பழகிக்கொள்ள முடியும். அந்தப் பழக்கம் அமைகிறதா இல்லையா என்பது பொருள்களின் விலையைப் பொறுத்ததன்று. பெரியவர் எதை எடுத்து வைக்கிறார், எந்த இடத்தில் தம் கையை நிறுத்திக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

இங்கே சொல்லப்படுபவை ஏறக்குறைய 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை. குழந்தை செய்து முடித்த பொருள் அழகாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதைச் செய்தது குழந்தையின் கையாகவே இருக்க வேண்டும் என்ற ஒரே கருத்தை வைத்துத்தான் கீழ்வரும் யோசனைகள் அனைத்தும் அமைந்துள்ளன.

கைவேலையைப் படிப்பாக மதிக்கும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் 1837ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்ட ஃபிரீட்ரிக் ஃபிரோபெல், தாள் மடித்தல், தாள் நாடாக்களைப் பின்னுதல், துளையிட்ட அட்டையில் நூல் கோத்தல், களிமண் பிசைதல் ஆகியவற்றைப் பொழுதுபோக்காக ஒதுக்காமல் கல்வியின் நடுவிலேயே வைத்தார். அவர் பயன்படுத்திய பொருள்களில் பெரும்பாலானவை இன்று எந்த வீட்டிலும் கிடைப்பவைதான்.

கை எந்த வயதில் எதற்குத் தயாராகிறது

ஒன்றரை வயதில் குழந்தை வண்ணக்கட்டியை உள்ளங்கையில் இறுகப் பற்றி, தோளிலிருந்து முழுக் கையையும் வீசிக் கிறுக்குகிறது. பிறகு அசைவு மெல்ல மெல்ல முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இறங்குகிறது; கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து பிடிக்கும் பிடி பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 முதல் 6 வயதுக்குள் அமைகிறது. இந்த வரிசையைப் பெரியவர்கள் அவசரப்படுத்த முடியாது. இரண்டு வயதுக் குழந்தைக்குத் தடித்த, எளிதில் உடையாத வண்ணக்கட்டி போதும். பொருள்களை வாயில் வைக்கும் பழக்கம் விட்டுப்போன பிறகு, விரலின் பாதி நீளமே உள்ள உடைந்த துண்டுகளைக் கொடுத்துப் பார்க்கலாம். துண்டு சிறியதாக இருப்பதால் முழுக் கையால் பற்ற இடமிருக்காது. ஒருவரும் சொல்லாமலேயே விரல் நுனிகள் வேலைக்கு வந்துவிடும். குழந்தையின் விரல்களைப் பிடித்து வளைத்து ‘இப்படித்தான் பிடிக்க வேண்டும்’ என்று திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

கிறுக்கலை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மழலையர் கல்வியில் ஈடுபட்டிருந்த ரோடா கெல்லாக் ஏறக்குறைய பத்து லட்சம் குழந்தை ஓவியங்களைத் திரட்டி ஆராய்ந்து, கிறுக்கல்களிலேயே 20 அடிப்படை வகைகள் இருப்பதாக வகுத்துக் காட்டினார். புள்ளி, நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, வளைவு, சுழி என்று அவை விரிகின்றன. குழந்தை பின்னாளில் எழுதப்போகும் எழுத்துகள் அனைத்தும் இந்தக் கோடுகளாலும் சுழிகளாலும் ஆனவை என்பதை நினைத்துப் பார்த்தால், கிறுக்கி நிரப்பிய தாளைப் பார்க்கும் நம் பார்வையே மாறிவிடும்.

பார்த்து வரைவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. நிமிர்ந்த கோட்டைக் குழந்தைகள் 2 வயதையொட்டியும், வட்டத்தை 3 வயதையொட்டியும், கூட்டல் குறியை 4 வயதையொட்டியும் பார்த்து வரைகிறார்கள். சதுரம் அதற்குப் பின்னரும், சாய்கோடுகள் கொண்ட முக்கோணம் 5 வயதையொட்டியும் வருகின்றன. எனவே மூன்றரை வயதில் முக்கோணம் வரவில்லை என்று கவலைப்படுவது தேவையற்றது. நம் எழுத்துகளில் நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ போன்றவை எளிதாகக் கைக்கு வருவதும், சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’, ‘இ’ போன்றவை தாமதப்படுவதும் இயல்பு. அதேபோல, மூன்று நான்கு வயதுக் குழந்தை மனிதனை வரையும்போது ஒரு பெரிய வட்டத்திலிருந்தே கால்களும் கைகளும் முளைத்து நிற்கும். உடல் என்று தனியாக ஒன்று இருக்காது. உலகின் பல பகுதிகளிலும் குழந்தைகள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ‘வயிறு எங்கே?’ என்று கேட்டுத் திருத்த வேண்டியதில்லை. சில மாதங்களில் அதுவே வந்துவிடும்.

இடமும் பொருள்களும்

இதற்கென்று தனி அறை தேவையில்லை. சுத்தம் செய்ய எளிதான தரையில் ஒரு மூலை, பழைய படுக்கை விரிப்பு ஒன்று, கறை பட்டால் கவலையில்லாத பழைய சட்டை, கை துடைக்க ஈரத்துணி ஆகியவை போதும். மேசையில் உட்கார வைப்பதானால் குழந்தையின் பாதங்கள் எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தால் உடல் ஆடும், உடல் ஆடினால் கை நிலைகொள்ளாது. இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடும் குழந்தை இருபது நிமிடம் உட்காருவதற்குக் காலடியில் வைத்த ஒரு சிறு முக்காலியே காரணமாக அமைவதுண்டு. இடையிடையே தாளைச் சுவரில், குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டிவைத்து வரையச் சொல்வதும் நல்லது. நிமிர்ந்த பரப்பில் வரையும்போது தோளும் மணிக்கட்டும் நன்றாக உழைக்கின்றன. ஒரு கோட்டை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை இழுக்கையில் கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டிப் பழகுகிறது.

பொருள்களில் குறைவே நிறைவு என்பது என் உறுதியான கருத்து. 24 வண்ணங்கள் அடங்கிய பெட்டியை முன்னால் வைத்தால், மூன்று வயதுக் குழந்தை பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப அடுக்குவதுமாகவே நேரத்தைச் செலவிடும். மூன்று வண்ணம், ஒரு தடித்த தூரிகை, ஒரு பெரிய தாள் போதுமானது. மற்றவற்றை உள்ளே வைத்துவிட்டு வாரத்துக்கு ஒன்றாக வெளியே எடுத்தால், பழைய பொருளும் புதியதாகத் தோன்றும். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டிகள், காகிதச் சுருளின் உள்ளிருக்கும் அட்டைக் குழல், துணித்துண்டுகள், தடித்த நூல், உதிர்ந்த இலைகள், பயன்படுத்திய உறைகள் ஆகியவற்றை ஒரு கூடையில் சேர்த்துவைத்தால் பல மாதங்களுக்கு வேறொன்றும் வாங்க வேண்டியிருக்காது.

கிழித்தலும் வெட்டுதலும் ஒட்டுதலும்

கைவினை என்றதும் பலர் கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் குழந்தை தாளைக் கையால் கிழித்துப் பழக வேண்டும். தாளைக் கிழிக்கும்போது இரு கைகளும் எதிரெதிர் வேலையைச் செய்கின்றன: ஒன்று இறுகப் பிடித்திருக்க, மற்றொன்று இழுக்கிறது. கத்தரிக்கோலுக்கும், பின்னர் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும், பாட்டில் மூடியைத் திருகுவதற்கும் இதே ஒத்துழைப்புதான் வேண்டும். ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொன்னால் அது பெரும்பாலும் நேராக, நீள நாடாவாக வரும். பக்கவாட்டில் கிழிக்கச் சொன்னால் எவ்வளவு கவனமாக இழுத்தாலும் கோணல்மாணலாகப் போகும். தாள் செய்யும்போது அதன் இழைகள் ஒரே திசையில் படிவதே இதற்குக் காரணம். குழந்தைக்கு இதை முதலிலேயே விளக்கிவிடாமல், இரண்டு விதமாகவும் கிழிக்கவிட்டு, ‘இது ஏன் நேரா வந்துச்சு, அது ஏன் வளைஞ்சு போச்சு?’ என்று அதுவே கேட்கும்வரை காத்திருப்பது நல்லது. கேட்ட பிறகு கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினால், மயிரிழை போல நீட்டிக்கொண்டிருக்கும் நார்களைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும்.

கிழிப்பது கைவந்த பிறகு, ஏறக்குறைய இரண்டரை அல்லது மூன்று வயதில், முனை மழுங்கிய குழந்தைக் கத்தரிக்கோலைக் கொடுக்கலாம். தொடக்கத்தில் முழுத் தாளைக் கொடுக்கக் கூடாது. சற்றுத் தடித்த தாளை ஒரு விரல் அகலத்தில் நீள நாடாக்களாக வெட்டி, ஒரே ஒரு முறை கத்தரியை மூடினால் துண்டு விழும்படி கொடுக்க வேண்டும். மெல்லிய தாள் கத்தரியின் இரு அலகுகளுக்கும் இடையே மடிந்துவிடும் என்பதால் தடிமன் முக்கியம். ‘டக்’கென்று துண்டு விழுவதில் குழந்தைக்கு இருக்கும் மகிழ்ச்சியே அதை மேலும் ஐம்பது முறை வெட்டவைக்கும். அதன் பிறகு நாடாவைச் சற்று அகலப்படுத்தி, இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் துண்டாகும்படி செய்யலாம், அதன் பின் நேர்கோட்டின்மீது வெட்டுதல், பிறகு வளைகோடு, ஐந்து வயதையொட்டி வட்டம். வட்டம் வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும் என்பதைப் பல குழந்தைகளுக்கு ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டியிருக்கிறது. இரு கட்டைவிரல்களும் மேலே பார்த்திருப்பதே சரியான பிடி என்பதற்கு, கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறு பொட்டு வரைந்து, ‘பொட்டு உன்னையே பார்க்கணும்’ என்று சொன்னால் போதும்.

இடது கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு இடது கைக் கத்தரிக்கோலே வேண்டும். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடிக்கும்போது அலகுகள் ஒன்றையொன்று அழுத்தாமல் விலகுகின்றன. மேலும், வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடுகிறது. குழந்தையின் திறமைக்குறைவு என்று பல வீடுகளில் நினைக்கப்படுவது உண்மையில் கருவியின் பொருத்தமின்மையே. எந்தக் கையை விரும்புகிறது என்பது உறுதிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பொருளைக் குழந்தையின் நடுவில் வைத்துவிட்டு, அது எந்தக் கையால் எடுக்கிறதோ அந்தக் கைக்கே விட்டுவிட வேண்டும்.

ஒட்டுவதற்குப் பசையை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். 1 பங்கு மைதா மாவை முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 4 அல்லது 5 பங்கு நீராகும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் கெட்டியாகிப் பளபளப்பாகும். நன்றாக ஆறிய பிறகே குழந்தையிடம் தர வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் சில நாள் இருக்கும்; வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும். பசையை விரலால் தடவவிடுவது நல்லதுதான். ஆனால் சில குழந்தைகளுக்குப் பிசுபிசுப்பு பிடிக்காது. அவர்களை வற்புறுத்தாமல் ஒரு சிறு தூரிகையையோ குச்சியையோ கொடுத்துவிட்டு, ஈரத்துணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால், நாளடைவில் அவர்களே விரலை நீட்டுவார்கள்.

இவ்வாறு கிழித்தும் வெட்டியும் சேர்ந்த துண்டுகளை ஒட்டும் முன்பாகத் தட்டில் பரப்பி, வண்ணவாரியாகவோ பெரிது சிறிதாகவோ பிரிக்கச் சொல்லலாம். பள்ளியில் பின்னர் கணக்கு என்ற பெயரில் வரவிருக்கும் வகைப்படுத்துதலும் ஒப்பிடுதலும் இங்கே தாள் துண்டுகளின் வடிவில் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ‘இது என்ன நிறம்? இது எத்தனை?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் குழந்தை அதைத் தேர்வாக உணர்ந்து எழுந்துவிடும். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும்.

வண்ணத்தைக் கண்டுபிடிக்க விடுதல்

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்பதைச் சொல்லிக்கொடுப்பதற்கும், குழந்தை தானே கண்டுபிடிப்பதற்கும் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. அதற்கு ஒரு சிறு ஏற்பாடு போதும். ஒரு தட்டின் ஒருபுறம் மஞ்சளை நிறையவும் மறுபுறம் நீலத்தை ஒரு துளியும் வைத்து, வேறெந்த வண்ணமும் தராமல், பெரிய தூரிகை ஒன்றைக் கொடுத்துவிட்டு அருகில் அமைதியாக உட்கார வேண்டும். முதலில் மஞ்சள் மட்டுமே தாளில் ஏறும். பிறகு தூரிகை தற்செயலாக நீலத்தைத் தொடும். மஞ்சளின் நடுவே ஒரு பச்சைக் கோடு தெரியும். குழந்தை நிறுத்தி, தூரிகையைப் பார்க்கும், தட்டைப் பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியில் ‘பார்த்தாயா, பச்சை வந்துவிட்டது’ என்று முந்திக்கொள்ளாமல் இருப்பதுதான் பெற்றோர் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை. நீலத்தைக் குறைவாக வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அடர்ந்த வண்ணம் வெளிர் வண்ணத்தை எளிதில் விழுங்கிவிடும் என்பதால், சம அளவு வைத்தால் பச்சையின் பல சாயல்களைக் காணும் முன்பே எல்லாம் கருநீலப் பச்சையாகிவிடும். அடுத்த வாரம் சிவப்பும் மஞ்சளும். அதற்கடுத்து சிவப்பும் வெள்ளையும். மஞ்சள், நீலம், சிவப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தந்தால் முடிவில் பழுப்பு நிறம் மட்டுமே மிஞ்சும். அதிலும் குழந்தைக்கு மகிழ்ச்சிதான், ஆனால் எதனோடு எது சேர்ந்து எது வந்தது என்பது அதற்குத் தெரியாமல் போய்விடும்.

மெழுகு வண்ணக்கட்டியால் அழுத்தி வரைந்துவிட்டு, அதன்மேல் நீர்த்த வண்ணத்தைப் பூசினால், மெழுகு இருக்கும் இடத்தில் நீர் ஒட்டாமல் விலகும். வெள்ளைத் தாளில் வெள்ளை வண்ணக்கட்டியால் நீங்கள் ஒரு உருவத்தை வரைந்து கொடுத்து, குழந்தை வண்ணம் பூசப் பூச அது வெளிப்படுவதைக் காணச் செய்யலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இதை உடனே தாங்களே செய்யத் தொடங்கி, வீட்டிலுள்ளோருக்கு மறைமுகச் செய்திகளை எழுதிக் கொடுப்பார்கள்.

இலையைத் தாளின் அடியில் வைத்துத் தேய்த்து அச்செடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நரம்புகள் புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். தாள் மெல்லியதாக இருக்க வேண்டும். வண்ணக்கட்டியின் உறையை உரித்து, அதைப் படுக்கவைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். காய்ந்து சருகான இலை நொறுங்கிவிடும் என்பதால் அன்று விழுந்த இலையே சிறந்தது. மூன்று நான்கு வகை இலைகளின் அச்சுகளை அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால், சிலவற்றில் நரம்புகள் வலைபோலப் பரவியிருப்பதையும் சிலவற்றில் இணைகோடுகளாக ஓடுவதையும் குழந்தை பிரித்தறியும்.

பிசையும் மாவும் களிமண்ணும்

பிசையும் மாவைப் போல ஒரே சமயத்தில் விரலுக்கு வலுவும் மனத்துக்கு வேலையும் தரும் பொருள் வேறில்லை என்பேன். மைதா 2 கோப்பை, பொடியுப்பு 1 கோப்பை, சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இவற்றோடு ஏறக்குறைய 1 கோப்பை வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். ஒட்டினால் மாவு, உதிர்ந்தால் நீர் என்று சரிசெய்துகொள்ளலாம். மூடியுள்ள பெட்டியில் வைத்தால் பல நாள் கெடாது. கோப்பையால் அளந்து கொட்டும் வேலையைக் குழந்தையிடமே விட வேண்டும்; தலைதட்டி அளப்பதும், ‘மாவு ரெண்டு, உப்பு ஒண்ணு’ என்று எண்ணிப் போடுவதும் இந்த விளையாட்டின் பாதிப் பயன். உப்பு மிகுதியாக இருப்பதால் இந்த மாவை விழுங்குவது உடலுக்குக் கேடு. எதையும் வாயில் வைக்கும் வயதிலுள்ள குழந்தைக்கு இதைத் தரக் கூடாது. வீட்டில் நாய், பூனை இருந்தால் அவற்றுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

மாவைக் கொடுத்த முதல் சில நாள்களுக்கு அச்சுகளையும் வெட்டும் கருவிகளையும் தராமல் இருப்பது நல்லது. அச்சைத் தந்தால் குழந்தை அச்சை அழுத்துவதோடு நின்றுவிடும். வெறும் மாவைத் தந்தால் அது குத்தும், கிள்ளும், உருட்டும், நீட்டும், சுருட்டும். உருண்டையை இரு கைகளுக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னுமாக உருட்டினால் நீளமாகும். வட்டமாகச் சுழற்றினால் உருண்டையாகும். இவை வேறு வேறு அசைவுகள் என்பதைக் கை கற்றுக்கொள்ளச் சில வாரங்களாவது ஆகும். ஒரே அளவுள்ள இரு உருண்டைகளைக் குழந்தையின் கண்முன் செய்து, ஒன்றை மட்டும் நீளமாக உருட்டிவிட்டு, எதில் மாவு அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் நீளமானதையே காட்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளின் சிந்தனையை ஆராயப் பயன்படுத்திய சோதனைகளில் இதுவும் ஒன்று. தவறு என்று திருத்திப் பயனில்லை. அது வளர்ச்சியோடு வரும் தெளிவு. ஆனால் நீளமானதைத் திரும்ப உருண்டையாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் தரலாம்.

களிமண் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு துண்டுகளை வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் பிரிந்துவிடும். ஒட்டும் இடங்கள் இரண்டையும் குச்சியால் கீறி, நீரில் குழைத்த களிமண்ணைத் தடவி அழுத்தினால் நிற்கும். தடிமனாகச் செய்தவை காயும்போது வெடிக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலரவிட்டால் வெடிப்பு குறையும்.

மடிப்பும் பின்னலும்

இவை ஐந்து வயதை நெருங்கும் குழந்தைக்குரியவை. சதுரத் தாளின் மூலையை எதிர் மூலையோடு பொருத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையின் நகத்தால் மடிப்பைத் தேய்ப்பது எளிய வேலையன்று. சதுரம் முக்கோணமாவதையும், பிரித்தால் நடுவே ஒரு கோடு விழுந்திருப்பதையும், இன்னொரு முறை மடித்தால் நான்கு பகுதிகளாவதையும் குழந்தை பார்க்கட்டும். பாதி, கால் என்ற சொற்களை அப்போது சொன்னால் அவை மனத்தில் நிற்கும். பின்னலுக்கு, ஒரு தடித்த தாளை நடுவில் மடித்து, ஓரம்வரை போகாமல் வெட்டுகள் இட்டு, வேறு நிற நாடாவை மேலே ஒன்று கீழே ஒன்று என்று நுழைக்க வேண்டும். அடுத்த வரிசை கீழேயிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குழந்தை மறந்தால் முதல் நாடா நழுவி வெளியே வந்துவிடும். பிழையைத் தாளே காட்டிக்கொடுப்பதால் நாம் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

அருகில் இருந்து பேசுவது

குழந்தை தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டும்போது பெரும்பாலோர் வாயிலிருந்து வருவது ‘இது என்ன?’ என்ற கேள்வி அல்லது ‘சூப்பர்!’ என்ற பாராட்டு. முதலாவது, படம் எதையாவது குறித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது, பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, கண்ணில் படுவதைச் சொல்லலாம். ‘ஓரமெல்லாம் சுத்திச் சுத்திப் பச்சை போட்டிருக்கியே கண்ணு, நடுவுல மட்டும் விட்டுட்டியே?’ என்று ஓர் அம்மா சொன்னால், ‘அது கதவும்மா, உள்ள போகணும்ல’ என்று பதில் வரலாம். கதவுக்குள் யார் போவார்கள், மழை பெய்தால் என்ன ஆகும் என்று பேச்சு நீளும். குழந்தை ஒரு நாளில் பேசும் மிக நீளமான வாக்கியங்கள் இத்தகைய நேரங்களில்தான் வருகின்றன.

பரிசு கொடுத்து வரையச் செய்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்கெனவே வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக விரும்பி வரைவதில் செலவிட்ட நேரம், பரிசே பெறாதவர்களும் எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களும் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியாகவே இருந்தது. விருப்பம் இருக்கும் இடத்தில் கூலியை வைத்தால் விருப்பம் குறைகிறது.

குழந்தைக்காக நாம் வரைந்து கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ‘எனக்கு வராது, நீயே மீன் போட்டுக் குடுப்பா’ என்று கேட்டால், மீனின் உடம்பு நீளமா வட்டமா, வால் எப்படி இருக்கும், கண் எங்கே இருக்கும் என்று கேட்டுக்கேட்டு அதன் கையாலேயே வரையச் செய்யலாம். நாம் வரைந்த மீன் அழகாக இருக்கும். அதன் பிறகு குழந்தைக்குத் தன் மீன் பிடிக்காமல் போகும். அச்சிட்ட உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்களால் தீங்கில்லை. கோட்டுக்குள் அடங்கிப் பழக அவை உதவும். ஆனால் வெற்றுத் தாளின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளக் கூடாது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் மணி, பொத்தான், பயறு, சிறு கூழாங்கல் போன்றவை கைவினைக்கு வரவே கூடாது. காகிதச் சுருளின் அட்டைக் குழலுக்குள் முழுவதுமாக நுழையும் எந்தப் பொருளையும் அந்த வயதுக்கு ஆபத்தானதாகவே கொள்ள வேண்டும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண நீர்மணிகள் விழுங்கப்பட்டால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும்; பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும்; வலிமையான சிறு காந்தங்கள் குடலின் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். இம்மூன்றும் குழந்தையுள்ள வீட்டின் கைவினைக் கூடையில் இருக்கவே கூடாதவை. சுவருக்கோ மரத்துக்கோ பூசும் பெயிண்ட்டையும் உடனொட்டும் பசையையும் குழந்தையின் வேலைக்கு எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கென்று நச்சற்றதாகக் குறிக்கப்பட்ட வண்ணங்களையே பயன்படுத்த வேண்டும். நூலையும் நாடாவையும் வேலை முடிந்ததும் சுருட்டி உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

நேரமும் முடிவும்

இரண்டு வயதுக் குழந்தை ஐந்து நிமிடம் ஈடுபட்டாலே அது நல்ல ஈடுபாடு. பாதியில் எழுந்து போனால் ‘முடித்துவிட்டுப் போ’ என்று பிடித்து நிறுத்தாமல், வேலையை அப்படியே ஒரு தட்டில் வைத்துவிட்டால், மாலையிலோ மறுநாளோ அது தானே வந்து தொடரும். தூக்கம் வரும் நேரத்திலும் பசி நேரத்திலும் தொடங்கவே கூடாது. எடுத்து வைப்பதும் வேலையின் பகுதியே: தூரிகையைக் கழுவுதல், மாவைப் பெட்டியில் அடைத்தல், துண்டுகளைக் கூடையில் போடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது தொடக்கம் முதலே குழந்தையின் பொறுப்பாக்கலாம். கூடைகளின்மீது உள்ளே இருப்பதன் படத்தை ஒட்டிவைத்தால், படிக்கத் தெரியாத வயதிலும் எது எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

படங்கள் குவியும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியையும், குழந்தை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை அது சொன்ன சொற்களிலேயே குறித்து வைக்கலாம். தான் பேசியதுதான் எழுத்தாகிறது என்பதைக் குழந்தை நம் பேனா நகர்வதைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வைத்துக்கொள்ள வேண்டியவற்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். சுவரில் ஒட்டுவதானால் அதன் கண் உயரத்திலேயே ஒட்ட வேண்டும். பெட்டிகளால் செய்த பெரிய உருவங்களைப் படமெடுத்துக்கொண்டு பிரித்துவிடலாம். மிஞ்சிய ஓவியங்களைக் குழந்தை சம்மதித்தால் அதன் கத்தரிக்கோலாலேயே நாடாக்களாக வெட்டி, அடுத்த முறை பின்னுவதற்கும் ஒட்டுவதற்கும் கூடையில் சேர்த்துவிடலாம்.